அமெரிக்காவை ஆள்வது கம்பெனிகளின் பணமே!

(பட்டிமன்றத் தலைப்பு: ‘அமெரிக்காவை ஆள்வது மக்களின் வாக்கா? கம்பெனிகளின் பணமா?’ ‘கம்பெனிகளின் பணமே’ என்ற அணியில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் வீற்றிருக்கும் அன்பு நண்பர்களே! என் அணித் தோழர்களே! அரங்கம் நிறைந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் முறுக்கைக் கடித்துக்கொண்டு எங்கள் கடியையும் பொறுத்துக்கொண்டிருக்கிற நல்ல உள்ளங்களே! (கைதட்டல்)

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ரொம்ப அழகாப் பேசினாங்க. 1863-லே லிங்கன் கெட்டிஸ்பர்க்கிலே பேசினதைச் சொல்லி, ‘மக்கள்தான் அங்கே எஜமானர்கள்’னு முடிச்சாங்க. நானும் கைதட்டினேன். நம்ம எதிரணி ஆச்சேன்னு பார்க்கலை. நல்லா இருந்தா தட்டணும் இல்லீங்களா? ஆனா ஐயா, கல்யாண வீட்டிலே பந்தியிலே உட்கார்ந்திருக்கிறவங்க எல்லாம் விருந்தாளிகள்தான். எந்த ஸ்வீட்டைத் தின்கிறதுங்கிற உரிமை முழுக்க அவங்களுக்குத்தான். ஆனா என்ன ஸ்வீட் போடணும்னு முடிவு பண்ணினது யாரு? சமையல் கான்ட்ராக்டுக்குப் பணம் கட்டினவரு! (சிரிப்பு) அமெரிக்காவிலே மக்கள் உட்கார்ந்திருப்பது பந்தியிலே. பணம் உட்கார்ந்திருப்பது சமையல் கட்டிலே. இதுதான் என் வாதம். (கைதட்டல்)

நடுவர் அவர்களே, பொத்தாம் பொதுவாகப் பேச நான் விரும்பவில்லை. ஒரே ஒரு மாநிலத்தை எடுத்துக்கொள்கிறேன். மோன்டானா. கனடா எல்லையை ஒட்டிய மலை மாநிலம். அங்கே பியூட் என்று ஓர் ஊர். அந்த ஊர் மலைக்குள்ளே செம்பு. உலகமே மின்சாரத்துக்கு மாறிக்கொண்டிருந்த காலம். மின்சாரம் ஓடக் கம்பி வேண்டும், கம்பிக்குச் செம்பு வேண்டும். செம்பு வைத்திருந்தவனுக்கு அது செம்பு அல்ல, தங்கம்!

அப்படிச் செம்பிலே கொழித்தவர் வில்லியம் கிளார்க். வீடு இருந்தது, வங்கி இருந்தது, சுரங்கம் இருந்தது. செனட்டர் பதவி மட்டும்தான் இல்லை. அந்தக் காலத்திலே செனட்டரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள். 1899 ஜனவரி. ஒயிட்சைடு என்று ஓர் உறுப்பினர். எழுந்து நின்று, 30,000 டாலரைச் சபைக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார். ‘கிளார்க்குக்கு ஓட்டுப் போடுவதற்காகக் கவர் கவராகக் கொடுத்த பணம் இது’ என்றார். சபை அதிர்ந்தது. பத்திரிகைகள் அலறின.

அப்புறம் என்ன ஆச்சு? கிளார்க் தோத்தார்னுதானே நினைக்கிறீங்க? அதே மாதம் கிளார்க் ஜெயிச்சார்! தேர்தல் தகராறிலே ஒயிட்சைடுக்குத்தான் பதவி போச்சு! (சிரிப்பு) திருடனைக் காட்டிக் கொடுத்தவனைப் பிடிச்சு உள்ளே போட்ட கதை கேள்விப்பட்டிருப்பீங்க. அது இதுதான்.

கதை இன்னும் முடியலை. வாஷிங்டனில் செனட் கமிட்டி விசாரித்து, ‘இது லஞ்சத் தேர்தல், செல்லாது’ என்று ஒருமனதாகச் சொன்னது. துரத்துவதற்கு முன்னால் 1900 மே மாதம் கிளார்க் தானே ராஜினாமா செய்தார். அந்த நேரம் பார்த்து மோன்டானா கவர்னர் கலிபோர்னியா போயிருந்தார். பொறுப்பிலே இருந்த துணை கவர்னர் காலியான அந்த இடத்துக்கு ஒருவரை நியமிக்கிறார். யாரை? ராஜினாமா செய்த அதே கிளார்க்கை! (பலத்த சிரிப்பு) முன்வாசல் வழியா அனுப்பினா கொல்லை வழியா வந்து கூடத்திலே உட்கார்ந்துட்டாரு மனுஷன்! கவர்னர் ஓடி வந்து அதை ரத்து செய்தார். ஆனாலும் 1901-லே முறைப்படி ஜெயித்து, 1907 வரை செனட்டராகவே இருந்தார் கிளார்க்.

எதிரணி நண்பர் எழுந்து, ‘அது ஒரு தனி மனிதன் செய்த தப்பு, கம்பெனி எங்கே வந்தது?’ என்று கேட்பார். வருகிறேன் ஐயா.

அதே மோன்டானாவிலே அமால்கமேட்டட் காப்பர் என்று ஒரு கம்பெனி. ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியின் பெரும் புள்ளிகள் 1899-லே தொடங்கியது. இன்னொரு சுரங்க முதலாளியோடு கோர்ட்டிலே சண்டை. உள்ளூர் நீதிபதி அந்த முதலாளிக்கு வேண்டியவர். தீர்ப்பெல்லாம் அவர் பக்கமே சாய்ந்தது. அதுவும் தப்புதான். கம்பெனி என்ன செய்தது? 1903 அக்டோபரிலே சுரங்கத்தை மூடியது, ஆலையை மூடியது. ஏறத்தாழ 15,000 தொழிலாளிகள் தெருவுக்கு வந்தார்கள். குளிர்காலம் வாசலிலே நிற்கிறது. மோன்டானாக் குளிர் என்றால் ஸ்வெட்டர் போட்டுச் சமாளிக்கிற குளிர் இல்லீங்க, உறைய வைக்கிற குளிர். ‘நீதிபதியை மாற்றிக்கொள்ள வழி செய்து சட்டம் கொண்டு வா. அதுவரைக்கும் சுரங்கம் திறக்காது’ என்றது கம்பெனி. கவர்னர் சிறப்புச் சட்டமன்றத்தைக் கூட்டினார். சட்டம் வந்தது. சுரங்கம் திறந்தது.

சகோதரி, யோசிச்சுப் பாருங்க. அந்தச் சட்டமன்ற உறுப்பினர்கள் எல்லாரும் தேர்தலிலே ஜெயிச்சு வந்தவங்கதான். கை தூக்கினது அவங்கதான். ஆனா அந்தக் கையைத் தூக்க வெச்சது யாரு? அடுப்பு எரியாத 15,000 வீடுகளைப் பணயம் வெச்ச ஒரு கம்பெனி! (கைதட்டல்)

சரி, இதை எழுதிக் கண்டிக்கப் பத்திரிகை இல்லையா? இருந்தது. ஆனால் மோன்டானாவின் பெரும்பாலான நாளிதழ்கள் அதே செம்புக் கம்பெனியின் கையிலே இருந்தன. 1959-லேதான் விற்றார்கள். அரை நூற்றாண்டு, காலையிலே எழுந்து காபியோடு கம்பெனியைப் படித்த மாநிலம் அது!

நடுவர்: பேராசிரியரே, மக்கள் சும்மாவா இருந்தாங்க?

அருமையான கேள்வி, ஐயா. எதிரணிக்குப் பாயிண்ட் எடுத்துக் கொடுக்கிற மாதிரியே கேட்டிருக்கீங்க! (சிரிப்பு) சும்மா இருக்கவில்லை. 1912-லே மோன்டானா மக்கள் தாங்களே ஒரு சட்டம் எழுதி, தாங்களே ஓட்டுப் போட்டு நிறைவேற்றினார்கள். ‘எந்தக் கம்பெனியும் எந்த வேட்பாளரை ஆதரித்தும் எதிர்த்தும் பணம் செலவு செய்யக் கூடாது.’ சட்டமன்றம் போட்ட சட்டம் அல்ல. சுரங்கத்திலே செம்பு வெட்டினவனும் சந்தையிலே கோதுமை விற்றவனும் போட்ட சட்டம். அடுத்த ஆண்டு, 1913-லே, செனட்டரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று நாட்டின் அரசியல் சட்டமும் திருந்தியது. எதிரணி நண்பர்கள் தாராளமாகக் கைதட்டலாம். நானும் சேர்ந்து தட்டுகிறேன். (கைதட்டல்)

தட்டிட்டீங்களா? இப்ப மீதிக் கதையைக் கேளுங்க.

அந்த நாட்டிலே கோர்ட்டு வழியாக ஒரு கருத்து மெல்ல மெல்ல வளர்ந்தது. கம்பெனியும் ஒரு மனிதன்! உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1868-லே, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களைக் காப்பதற்காக அரசியல் சட்டத்தில் பதினான்காவது திருத்தம் வந்தது. ‘எந்த மனிதனுக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுக்கக் கூடாது’ என்பது அதன் சாரம். 1886-லே ஒரு ரயில் கம்பெனி வழக்கு. ‘அந்தத் திருத்தத்திலே சொன்ன மனிதன் நான்தான்’ என்றது ரயில் கம்பெனி! தீர்ப்பிலே நீதிபதிகள் அந்தக் கேள்வியை முடிவு செய்யவே இல்லை. வாதம் தொடங்குமுன் தலைமை நீதிபதி வாய்மொழியாகச் சொன்னதை, தீர்ப்புகளைத் தொகுக்கிற அதிகாரி தலைக்குறிப்பிலே சேர்த்துவிட்டார். அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் வழக்குக்கு மேல் வழக்கு! அடிமைக்குத் தைத்த சட்டையை முதலாளி எடுத்து மாட்டிக்கொண்டான் ஐயா! (பலத்த கைதட்டல்)

கம்பெனி மனிதன்னா, அதுக்குக் காய்ச்சல் வருமா? பொண்டாட்டி திட்டுவாளா? பிள்ளை பரீட்சையிலே பெயிலாப் போனா ராத்திரி தூக்கம் கெடுமா? (சிரிப்பு) சாகிற பயம் உண்டா? மனுஷனுக்கு உள்ள கவலை ஒண்ணும் கிடையாது; மனுஷனுக்கு உள்ள உரிமை மட்டும் வேணும்!

1976-லே உச்ச நீதிமன்றம், தேர்தலிலே பணம் செலவழிப்பதும் பேச்சுரிமையைச் சேர்ந்தது என்றது. 2010 ஜனவரி 21-லே, சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கிலே, அந்த உரிமை கம்பெனிக்கும் உண்டு என்றது. ஐந்து நீதிபதிகள் இந்தப் பக்கம், நான்கு பேர் அந்தப் பக்கம். வேட்பாளர் கையிலே கம்பெனி நேரடியாகப் பணம் கொடுக்கக் கூடாது. 1907-லே வந்த அந்தத் தடை அப்படியே இருக்கிறது. ஆனால் அவருக்காகத் ‘தனியாக’ எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். இது எப்படி இருக்குன்னா, ‘நாங்க வரதட்சணையே கொடுக்கலீங்க, மாப்பிள்ளை வீட்டு வாசல்லே ஒரு காரைத் தனியா நிறுத்திட்டு வந்தோம், அவ்வளவுதான்!’ (பலத்த சிரிப்பு)

அப்போது மோன்டானா எழுந்து நின்றது. ‘எங்கள் ஊர்ச் சரித்திரம் வேறு, நாங்கள் பட்டவர்கள், எங்கள் சட்டம் இருக்கட்டும்’ என்றது அந்த மாநில உச்ச நீதிமன்றம், 2011-லே. 2012 ஜூனிலே வாஷிங்டன் உச்ச நீதிமன்றம், வாய்மொழி வாதம்கூடக் கேட்காமல், ஒரே பக்கத்தில் அதைத் தள்ளிவிட்டது. மறுபடியும் ஐந்துக்கு நான்கு. ஒரு மாநிலமே வாக்களித்துக் கட்டிய வேலி நூறு ஆண்டு நின்றது. ஐந்து கையெழுத்திலே விழுந்தது.

வேலி விழுந்த பிறகு என்ன ஆச்சு? 2024 செனட் தேர்தல். மோன்டானா மொத்த மக்கள்தொகையே பதினொரு லட்சத்துச் சொச்சம். அந்த ஒரு இடத்துக்காக இரண்டு பக்கமும் கொட்டிய பணம் 25 கோடி டாலருக்கு மேல்! தொட்டில் குழந்தையையும் சேர்த்துத் தலைக்கு 200 டாலருக்கு மேலே! வாக்காளனுக்கு ஒரு காபி கிடைச்சுதா? இல்லை. எல்லாம் டி.வி. விளம்பரத்துக்குப் போச்சு. இதிலே நான் ஒரு கட்சியை மட்டும் சொல்லவில்லை. அங்கே ஒரு கட்சிக்குச் சின்னம் யானை, இன்னொன்றுக்குக் கழுதை. யானைக்கும் தீனி போட்டு, கழுதைக்கும் தீனி போடுகிற கை பல நேரம் ஒரே கைதான்! (கைதட்டல்)

‘பணம் செலவு பண்ணினா என்ன? டி.வி.யை அணைச்சுட்டுப் போறோம்’ என்று நினைக்கலாம். அணைக்க முடியாத இடம் ஒன்று இருக்கிறது. மருந்துக் கடை.

இந்த மேடையிலே காபி கொடுத்தாங்க. நடுவரும் நானும் ஒரே குரலிலே ‘சர்க்கரை வேண்டாம்’னோம். (சிரிப்பு) அதனாலே இன்சுலினைச் சொல்கிறேன். கனடாவிலே அதைக் கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள். அந்த மருந்தின் புது வகை ஒன்று 1996-லே அமெரிக்காவிலே விற்பனைக்கு வந்தபோது ஒரு குப்பி 21 டாலர். இருபது ஆண்டு கழித்து அதே குப்பி 275 டாலர்! குப்பி அதேதான், மருந்து அதேதான். பணம் இல்லாதவர்கள் அளவைக் குறைத்துக் குறைத்துப் போட்டுக்கொண்டார்கள். அதிலே உயிர் போனவர்களும் உண்டு.

அரசாங்கம் பேரம் பேசக் கூடாதா? கூடாது என்று சட்டமே போட்டார்கள்! 2003 நவம்பர். முதியோர் மருத்துவத் திட்டத்துக்கான மருந்துச் சட்டம். விடியற்காலை மூன்று மணிக்கு வாக்கெடுப்பு. வழக்கமாகப் பதினைந்து நிமிஷம். அன்றைக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் இழுத்தார்கள், கணக்கு சரியாகிற வரைக்கும்! 220-க்கு 215. அந்தச் சட்டத்தை முன்னின்று நடத்திய கமிட்டித் தலைவர்களில் ஒருவர் பில்லி டாசின். 2005-லே அவருக்குப் புது வேலை. எங்கே? மருந்துக் கம்பெனிகள் சங்கத்தின் தலைவர்! (சிரிப்பு) நடுவர் விசில் ஊதி முடிச்ச கையோட, ஜெயிச்ச டீமிலே கேப்டனாச் சேர்ந்த மாதிரி! நம்ம நடுவர் அப்படிச் செய்ய மாட்டார். (சிரிப்பு)

2022-லே அந்தத் தடையைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். முதியோர் திட்டத்திலே இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். மக்கள் குரலுக்குக் கிடைத்த வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் தனியார் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கும் அதே 35 என்றபோது, செனட்டிலே வேண்டும் என்றவர்கள் 57 பேர், வேண்டாம் என்றவர்கள் 43. ஜெயித்தது 43! 60 பேர் வேண்டுமாம், விதி அப்படி. ஒரு டாலருக்குக் கொடுத்த மருந்துக்கு 60 கை தேவைப்படுகிற நாடு அது!

முடிக்கிறேன் ஐயா. மணியிலிருந்து கையை எடுங்க. (சிரிப்பு)

2011-லே அயோவா திருவிழாவிலே மிட் ராம்னி சொன்னார், ‘கம்பெனிகளும் மனிதர்கள்தான், நண்பரே’ என்று. 2012 நவம்பரிலே மோன்டானா மக்கள் ஜனாதிபதித் தேர்தலிலே அந்த ராம்னிக்கே பெரும்பான்மை கொடுத்தார்கள். அதே நாள், அதே சாவடி, அதே மக்கள். கூடவே ஒரு கேள்விக்கும் ஓட்டுப் போட்டார்கள். ‘கம்பெனி மனிதன் அல்ல’ என்பதுதான் அது. நூற்றுக்கு 75 பேர் ‘ஆமாம், மனிதன் அல்ல’ என்றார்கள். யானைக்குப் போட்டவனும் கழுதைக்குப் போட்டவனும் ஒன்றாகச் சொன்ன பதில் அது! மக்களுக்குத் தெரியவில்லை என்று சொல்லாதீர்கள். நன்றாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் நடக்கவில்லை. அந்த 75-ஆல் ஐந்துக்கு நான்கை அசைக்க முடியவில்லை. எஜமானன் சொல்லியும் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்றால், வீட்டை நடத்துவது வேறு யாரோ என்றுதானே அர்த்தம்? (பலத்த கைதட்டல்)

ஆகவே நடுவர் அவர்களே, அமெரிக்காவை ஆள்வது கம்பெனிகளின் பணமே என்று தீர்ப்பு வழங்குங்கள். இந்த மேடையிலே என் அணி ஜெயிக்க வேண்டும். ஆனால் 1912-லே சட்டம் எழுதிய அந்தச் சுரங்கத் தொழிலாளியின் பேரப்பிள்ளைகள் இன்னும் அந்த மலையிலே இருக்கிறார்கள். அவர்கள் மறுபடியும் எழுத வேண்டும். அந்த நாட்டிலே என் அணி தோற்க வேண்டும். தோற்றுப்போன செய்தியை இதே மேடையில் நானே வந்து சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

(நீண்ட கைதட்டல்)