பல் வைத்தியக் குறிப்பும் ஓர் அமானிதம்தான்

(குடும்ப நல மாதாந்திரக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் பல் சிகிச்சைக்கானவையும் இருக்கின்றன. வேர் சிகிச்சை, பல்லுக்கு உறை போடுவது, பிள்ளைகளுக்குக் கம்பி கட்டுவது என்று செலவு ஆயிரக்கணக்கில் போகிறது. "இதுவரை என்ன வைத்தியம் நடந்திருக்கிறது?" என்று நாம் கேட்டால், பலரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இருப்பதில்லை. எக்ஸ்ரே கிளினிக்கிலேயே இருக்கிறது என்பார்கள். பணம் கட்டினோம், ரசீது வாங்கவில்லை என்பார்கள். ஆகவே பல் மருத்துவர் எதை எழுதி வைக்க வேண்டும், அதில் நமக்குள்ள உரிமை என்ன, அது எத்தனை காலத்துக்கு என்பதை இன்று பார்ப்போம்.

இந்திய பல் மருத்துவக் கவுன்சில் 2014-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளை வெளியிட்டது. அதன்படி ஒவ்வொரு பல் மருத்துவரும் தம்மிடம் வரும் நோயாளிகளின் சிகிச்சைப் பதிவுகளைப் பராமரிக்க வேண்டும். குறைந்தது 3 ஆண்டுகள் அவற்றைப் பாதுகாக்க வேண்டும். சின்ன கிளினிக், பெரிய கிளினிக் என்ற பேதம் இதில் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த 3 ஆண்டுகள் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து கணக்கு. முடிந்த நாளிலிருந்து அல்ல. ஒரு பெண் பிள்ளைக்கு 2023 ஜனவரியில் கம்பி கட்டத் தொடங்கி, 2025 ஜனவரியில் கழற்றினார்கள் என்று வையுங்கள். 2026 ஜனவரியோடு மருத்துவரின் கட்டாயக் காலம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு பல் மறுபடி விலகினால், ஆரம்பத்தில் பல் வரிசை எப்படி இருந்தது என்று காட்டும் எக்ஸ்ரேயும் அச்சும் அவரிடம் இருந்தால் உண்டு. இல்லையென்றால் குறை சொல்ல முடியாது. ஆகவே சிகிச்சை நடக்கும்போதே நகல் வாங்கிக்கொள்வதுதான் புத்தி.

எதையெல்லாம் கேட்டு வாங்குவது? நோயாளியின் சர்க்கரை, ரத்த அழுத்தம், மருந்து ஒவ்வாமை பற்றிய குறிப்பு, எக்ஸ்ரே, எந்தப் பல்லில் எந்தத் தேதியில் என்ன செய்தார்கள் என்ற விவரம், மருந்துச் சீட்டு, செலவு மதிப்பீடு, ரசீது, நாம் கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தின் நகல். பல்லை எண்ணால் குறிப்பார்கள். மேல் வலப்பக்க முதல் கடைவாய்ப்பல் 16, கீழ் இடப்பக்கத்தில் அதே பல் 36. அந்த எண் இருந்தால் எந்த ஊர் மருத்துவருக்கும் புரியும்.

சபரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது மிகவும் அவசியம். ஒரு மாத லீவில் வந்து வேர் சிகிச்சையைத் தொடங்குகிறார்கள். உறை போடுவதற்குள் டிக்கெட் தேதி வந்துவிடுகிறது. துபாயிலோ ரியாதிலோ வலி வந்தால், அங்குள்ள மருத்துவர் முதலிலிருந்து எக்ஸ்ரே எடுத்து, முதலிலிருந்து பணம் கேட்பார். எக்ஸ்ரேயும் குறிப்பும் போனில் இருந்தால் விட்ட இடத்திலிருந்து அவர் தொடரலாம். பல் மருத்துவக் கல்லூரிகளுக்குப் போகிறவர்கள் ஓ.பி. எண் உள்ள அட்டையைத் தொலைக்காதீர்கள். அங்கே பார்க்கும் மாணவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அந்த எண்தான் உங்கள் பழைய குறிப்பைத் தேடி எடுத்துத் தரும்.

கேட்டும் தரவில்லையென்றால்? சண்டை வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பொது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு விதிகள், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தரச் சொல்கின்றன. பல் மருத்துவரிடம் கேட்கும்போதும் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லலாம். மூலத்தை அவர் வைத்துக்கொள்வார். நமக்கு நகல் போதும். நகல் எடுக்கும் செலவை நாம் கொடுப்பதே நியாயம்.

சிகிச்சையில் குறை நேர்ந்து நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தாலும் இந்தக் காகிதங்கள்தான் பேசும். பணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்துவிட்டது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறை நேர்ந்ததிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. வருமான வரம்பு பார்ப்பதில்லை. பதிவேட்டை மருத்துவர் காட்டாதபோது, அதையே அவருக்கு எதிராக எடுத்துக்கொண்ட தீர்ப்புகளும் இருக்கின்றன. இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: நேர்மையாக வைத்தியம் பார்க்கும் மருத்துவரை வீண் பழியிலிருந்து காப்பதும் அதே பதிவேடுதான்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பல் சீரமைப்புக்காக முகத்தைப் படம் எடுப்பார்கள். சிகிச்சைக்கு அது தேவைதான். ஆனால் அந்தப் படம் உங்கள் பதிவேட்டின் ஒரு பகுதி. உங்கள் அனுமதியில்லாமல் ஆளை அடையாளம் தெரியும்படி வெளியிடுவது மருத்துவ நெறிமுறைக்கு மாறானது. சம்மதப் படிவத்தில் விளம்பரத்துக்கு என்று ஏதாவது வரி இருக்கிறதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். விருப்பமில்லையென்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள். பெண் பிள்ளைகளுக்காக வாப்பாவோ உம்மாவோ கையெழுத்துப் போடும்போதும் இதைப் பாருங்கள்.

குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், தவணை வைத்துக் கொடுக்கும் கடனை எழுதிக்கொள்வது பற்றியது (2:282). நம்பிக்கை இருக்கும் இடத்திலும் எழுத்து வேண்டும் என்பதை நம் மார்க்கம் பழக்கித்தான் இருக்கிறது. நம் உடம்பைப் பற்றிய குறிப்பு மருத்துவர் கையில் அமானிதம்; அதன் நகல் நம் வீட்டில் பத்திரமாக இருப்பது நம் பொறுப்பு.

வீட்டில் ஆளுக்கொரு ஃபைல் போடுங்கள். சீட்டைப் போனில் படம் எடுத்து, வெளிநாட்டில் இருப்பவருக்கும் அனுப்பி வையுங்கள். பதிவு கேட்டு எழுதும் மாதிரிக் கடிதம் நம் அலுவலகத்தில் தமிழில் வைத்திருக்கிறோம். அஸருக்குப் பிறகு வந்தால் நிரப்பித் தருவோம், இன்ஷா அல்லாஹ். இனிமேல் பல் சிகிச்சைக்கு உதவி கேட்டு வருபவர்கள் எக்ஸ்ரே நகலும் செலவு மதிப்பீடும் கொண்டு வந்தால், ஜகாத் பணத்தை உரியவருக்குத் தாமதமில்லாமல் கொடுக்க எங்களுக்கும் வசதியாக இருக்கும்.