திரையில் நாம், இருக்கையில் யார்?



நினைவுச் சொற்பொழிவு என்றால் வரலாறோ தத்துவமோ பேசுவார்கள் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் பேசப்போவது சினிமாவைப் பற்றி. நான் விமர்சகனும் இல்லை, திரைக்கலை படித்தவனும் இல்லை. சீட்டு எடுத்துப் படம் பார்க்கிறவன். வெளியே வந்து டீக்கடையில் நின்று அதைப் பற்றிப் பேசுகிறவன். யாருடைய நினைவில் இன்று கூடியிருக்கிறோமோ அந்தத் தோழருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. படம் எப்படி என்று கேட்டால், படத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள் என்று திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே இன்று பேசுகிறேன்.

தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு ‘சின்ன கவுண்டர்’, ‘தேவர் மகன்’, ‘எஜமான்’, ‘நாட்டாமை’ எல்லாம் நன்றாகத் தெரியும். 1991 முதல் 1994 வரைக்குள் வந்த படங்கள் இவை. ஒரு பெரிய வீடு இருக்கும், திண்ணை இருக்கும், ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஊரே கைகட்டி நிற்கும். அந்தக் கூட்டத்தில் கடைசியில் நிற்பவருக்குப் பெயர் இருக்காது; இருந்தாலும் சிரிப்பதற்காக வைத்த பெயராக இருக்கும். நாமும்தான் விசில் அடித்தோம். பாட்டு நன்றாக இருந்தது, சண்டை நன்றாக இருந்தது. ஆனால் அந்தப் படங்களில் நம் தெரு எங்கே இருக்கிறது என்று தேடினால் கிடைக்காது. கேமரா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

2012இல் பா. ரஞ்சித்தின் ‘அட்டகத்தி’ வந்தது. பெரிய புரட்சி வசனம் ஏதும் அதில் கிடையாது. பேருந்தில் தொங்கிக்கொண்டு போகும், காதலில் தோற்கும் ஒரு சாதாரணப் பையன். மாட்டுக்கறி சமைக்கும் வீடு அதில் சாதாரண வீடாக வந்தது. அதுதான் புதுசு. பிறகு ‘மெட்ராஸ்’ ஒரு சுவரைப் பற்றிப் பேசியது. ‘கபாலி’ கோட்டும் சூட்டும் ஏன் என்று பேசியது. ‘காலா’ நிலம் யாருக்கு என்று கேட்டது. இந்தப் பாதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் வேகமாகக் கடக்கிறேன்.

கொஞ்சம் நின்று பேச நினைப்பது மாரி செல்வராஜின் அப்பாக்களைப் பற்றி. 2018இல் ‘பரியேறும் பெருமாள்’. அதில் வரும் அப்பா பெண் வேடம் கட்டி ஆடும் கூத்துக்கலைஞர். மகன் படிக்கும் சட்டக் கல்லூரிக்கு வந்த இடத்தில் அவர் வேட்டியை உருவி ஓடவிடுகிறார்கள். 2023இல் ‘மாமன்னன்’. இந்த அப்பா சட்டமன்ற உறுப்பினர். தனித்தொகுதியில் வென்றவர். ஆனாலும் மாவட்டச் செயலாளரின் வீட்டில் அவருக்கு நாற்காலி இல்லை. அதைப் பார்த்த மகன் அப்பாவை உட்காரச் சொல்கிறான். அந்த ஒரு உட்கார்தலில்தான் கலவரமே தொடங்குகிறது. 2025இல் ‘பைசன் காளமாடன்’. பசுபதி நடித்த அப்பா, மகன் கபடி ஆடுவதையே பயந்து தடுக்கிறார். விளையாட்டு பிடிக்காமல் அல்ல. களத்தில் ஜெயித்தால் வெளியே வெட்டுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியின் வீரர் மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவிய கதை அது. நாட்டுக்காக ஆடப்போகிற ஒருவனை ஊர் எல்லையைத் தாண்டவைப்பதற்குள் ஒரு குடும்பம் எத்தனை முறை செத்துப் பிழைக்க வேண்டியிருக்கிறது என்று அதில் பார்த்தோம்.

இந்த மூன்று அப்பாக்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒருவர் அவமானப்படுகிறார், ஒருவர் உட்காரக் கற்கிறார், ஒருவர் பயப்படுகிறார். சினிமாவில் அப்பா என்றால் அடிப்பவர், அறிவுரை சொல்பவர், அல்லது தியாகி. நம் அப்பாக்களின் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்று திரையில் சொல்லப்பட்டது இப்போதுதான். மாணவர்களுக்குச் சொல்கிறேன்: ‘எதுக்குடா உனக்கு வம்பு’ என்று வீட்டில் சொல்லும்போது கோபப்படாதீர்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் அவர்கள் பார்த்த ஏதோ ஒன்று இருக்கிறது. அது என்ன என்று கேளுங்கள்.

2024 ஆகஸ்ட் 23 அன்று இரண்டு படங்கள் ஒரே நாளில் வெளியாயின. ஒன்று ‘வாழை’, இன்னொன்று பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’. இரண்டையும் பார்த்தவர்கள் குறைவு. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

‘வாழை’ நம் தெருவின் படம். பள்ளிக்கூடம் லீவு விட்டால் மற்ற பிள்ளைகளுக்குச் சந்தோஷம்; சிவனணைந்தானுக்கு வாழைத்தார் சுமக்க வேண்டிய நாள். கழுத்து வலிக்கும் பிள்ளையின் கதை அது. கூலியை உயர்த்திக் கேட்டால் என்ன நடக்கும், லாரி வாடகையை மிச்சம் பிடித்துத் தார்களின் மேலேயே ஆட்களை ஏற்றினால் என்ன நடக்கும் என்று அந்தப் படம் கணக்குப் போட்டுக் காட்டுகிறது. சாதிக்கொடுமை என்றால் அரிவாள் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் அதைப் பார்க்க வேண்டும். ஒரு முதலாளியின் சிக்கனமும் கொல்லும். பசித்த பிள்ளைக்கு ஒரு வாழைப்பழம் எட்டாத பொருளாக இருக்கிறது, அவன் தலையில் ஒரு தாரே இருக்கும்போது.

‘கொட்டுக்காளி’ மற்றவர்களின் வீட்டைப் பற்றிய படம். அன்னா பென் நடித்த மீனா, தாழ்த்தப்பட்ட சாதிப் பையனைக் காதலித்தவள். அவளுக்குப் பேய் பிடித்திருப்பதாகச் சொல்லி ஒரு ஆட்டோவில் ஏற்றி, குடும்பமே பூசாரியிடம் கூட்டிப்போகிறது. பின்னணி இசையே இல்லை. அந்தப் பையன் படத்தில் பேச்சாக மட்டுமே இருக்கிறான். முதலில் எனக்கு அது குறையாகத் தெரிந்தது. யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. இத்தனை காலம் சாதியைப் பற்றிப் படம் எடுக்கிறோம் என்றால் நம் காயத்தைத்தான் காட்டினோம். நம் குடிசை எரிவது, நம் பிள்ளை தண்டவாளத்தில் கிடப்பது. சாதி என்ற நோய் குடியிருப்பது வேறு வீட்டில். அந்த வீட்டுக்குள் கேமராவை வைத்து, அங்கே இருக்கும் ஆண்கள் எப்படிப் பேசுகிறார்கள், பெண்கள் எப்படி வாயை மூடிக்கொள்கிறார்கள் என்று பொறுமையாகக் காட்டியது அந்தப் படம். இப்படிப்பட்ட படம் இன்னும் பத்து வரவேண்டும். அவற்றை நாம்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை; அந்த வீடுகளில் பிறந்து வெளியே வந்தவர்கள் எடுக்கட்டும். அது அவர்கள் கடமை.

இப்போது நமக்குள் பேசவேண்டிய ஒன்று. நம் படங்களில் பெண்கள் எங்கே? ‘ஜெய் பீம்’ படத்தில் லிஜோமோல் ஜோஸ் நடித்த செங்கேணி வயிற்றில் பிள்ளையோடு காவல் நிலையப் படியேறுகிறாள். பேரம் பேசிய பணத்தை மறுத்துவிட்டு நடந்து வருகிறாள். அந்த நடைதான் படம். ஆனால் படம் முடிந்து வெளியே வந்தவர்கள் பேசியதெல்லாம் வக்கீலைப் பற்றி. ‘நட்சத்திரம் நகர்கிறது’ படத்தின் ரெனேயைப் பலருக்குப் பிடிக்கவில்லை. ‘ரொம்பப் பேசுறா’ என்றார்கள். நம் தோழர்களே அப்படிச் சொன்னார்கள். ஒரு தலித் பெண் அழாமல், கும்பிடாமல், தன் காதலையும் அரசியலையும் தானே முடிவு செய்தால் நமக்கே உறுத்துகிறது. ‘லப்பர் பந்து’ படத்தில் டிராக்டர் ஓட்டும் யசோதையைக் கொண்டாடினோம். சரிதான். ஆனால் அணியில் இடம் கிடைக்காத அன்புவுக்குப் படம் முழுக்க இடம் இருக்கிறது. டிராக்டர் ஓட்டுகிற பெண்ணின் கதையை மையமாக வைத்து எப்போது படம் வரும்? இதைக் கேட்டால் ‘நம்ம படத்தை நாமே குறை சொல்லலாமா’ என்கிறார்கள். நாம் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்? நம்மை விரும்பாதவர்கள் சொல்வார்கள்; அவர்கள் சொல்வது வேறு நோக்கத்துக்காக இருக்கும். அன்போடு குறை சொல்லும் உரிமை நமக்குத்தான் இருக்கிறது.

அதே உரிமையில் ‘தங்கலான்’ பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோலார் தங்கவயலைத் தோண்டியவர்களின் கதை நமக்கு வேண்டும். பெண்களுக்கு முதன்முதலாக ரவிக்கை கிடைக்கும் காட்சியில் திரையரங்கு எழுந்து கைதட்டியது, நானும் தட்டினேன். ஆனால் இரண்டாம் பாதியில் கனவும் மாயமும் கூடக்கூட, சுரங்கத்தில் இறங்கிய உழைப்பாளி கண்ணிலிருந்து நழுவிப்போகிறான். நம் வரலாறு எழுதப்படாமல் கிடப்பதால் இயக்குநர் கற்பனையை நாடவேண்டியிருக்கிறது. அப்படியானால் அந்த வரலாற்றை எழுதவேண்டிய வேலை நம் ஆய்வு மாணவர்களுடையது. இங்கே அமர்ந்திருப்பவர்களில் இரண்டு பேர் தங்கவயல் குடும்பங்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்தால், அடுத்த படம் வேறு மாதிரி வரும்.

திரையிலிருந்து இருக்கைக்கு வருகிறேன். மலையாளத்தின் முதல் படம் ‘விகதகுமாரன்’. அதன் நாயகி பி.கே. ரோசி புலையர் சமூகத்தில் பிறந்தவர். திரையில் அவர் நாயர் பெண்ணாக நடித்தார் என்பதற்காகக் கல்லெறிந்தார்கள். அவரை ஊரைவிட்டே விரட்டினார்கள். ஏறக்குறைய நூறு ஆண்டு ஆகிறது. 2023 மார்ச்சில் சென்னையில் ஒரு திரையரங்கில், கையில் சீட்டு வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலில் நிறுத்தினார்கள். யாரோ அதைக் கைபேசியில் படம் பிடித்துப் பரப்பிய பிறகு, யு/ஏ சான்றிதழ், குழந்தைகளின் வயது என்று விளக்கம் வந்தது. அதே படத்துக்குச் சின்னப் பிள்ளைகளோடு உள்ளே போன மற்ற குடும்பங்களிடம் யாராவது வயது கேட்டார்களா? நம் கதை திரைக்குள் போய்விட்டது. நம் மக்கள் திரையரங்குக்குள் போவதில் இன்னும் பிரச்சினை இருக்கிறது. மால் திரையரங்கில் ஒரு சீட்டு 200 ரூபாயை ஒட்டி. வாழைத்தார் சுமப்பவர் தன் கதையைப் பார்க்க ஒரு நாள் கூலியில் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கணக்குப் பாருங்கள்.

உள்ளே போனவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பது அடுத்தது. ‘மாமன்னன்’ ஓடிடியில் வந்தபின் நடந்தது நினைவிருக்கும். ஃபகத் ஃபாசில் நடித்த ரத்னவேலு, நாயைக் கொல்லும் சாதிவெறியன். அவனைக் கண்டு அருவருக்க வேண்டும் என்றுதான் அந்தப் பாத்திரம் எழுதப்பட்டது. ஆனால் அவன் வரும் துண்டுகளை வெட்டி, சாதிப் பெருமைப் பாட்டைச் சேர்த்து, கதாநாயகனாக ஆக்கிப் பரப்பினார்கள். அதே 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவரை, சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அந்தப் படத்தால் இது நடந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பொய். இரண்டும் ஒரே காற்றில் நடந்தன என்று மட்டும் சொல்கிறேன். அதன்பின் அரசு அமைத்த ஒருநபர் குழுவின் தலைவர் நீதிபதி கே. சந்துரு. ‘ஜெய் பீம்’ படத்தின் வக்கீல் பாத்திரத்துக்கு மூலமானவர் அவர்தான். மாணவர்கள் கையில் கட்டும் சாதிக்கயிறு வேண்டாம் என்று 2024இல் அவர் தந்த அறிக்கை பரிந்துரைத்தது. அந்தப் படத்துக்குக் கைதட்டியவர்களில் எத்தனை பேர் இந்த அறிக்கையைப் படித்தோம்? 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில், காதலித்ததற்காக ஒரு தலித் இளைஞர் பட்டப்பகலில் வெட்டப்பட்டார். ‘பரியேறும் பெருமாள்’ வந்து ஏறக்குறைய ஏழு வருடம் ஆகியிருந்தது. அது நடந்த அதே திருநெல்வேலி மண்.

அப்படியானால் சினிமாவால் பயன் இல்லையா என்று கேட்பீர்கள். பயன் இல்லை என்றால் அதற்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள்? ‘பரியேறும் பெருமாள்’ இந்தியில் ‘தடக் 2’ ஆகி வருவதற்குள் தணிக்கையில் எத்தனை வெட்டு, எத்தனை மாற்றம். ஜோதிராவ், சாவித்திரிபாய் பற்றிய ‘ஃபுலே’ படம் 2025 ஏப்ரலில் தள்ளிப்போய் வெளியானது. அதில் சாதிப் பெயர்களை நீக்கச் சொன்னார்கள். சாதியை ஒழிக்கப் போராடியவர்களின் கதையில் சாதியின் பெயர் வரக்கூடாதாம். தலித் சிறுமியின் கொலையை விசாரிக்கும் பெண் காவலரின் கதையான ‘சந்தோஷ்’ இந்தியத் திரையரங்குகளுக்கு வரவே இல்லை. நீரஜ் கெய்வானின் ‘ஹோம்பவுண்ட்’ படத்தில் காவலர் தேர்வுக்குப் படிக்கும் சந்தன், விண்ணப்பத்தில் தன் பிரிவைக் குறிக்கத் தயங்குகிறான். அந்தத் தயக்கம் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும் என்று நான் கேட்கப்போவதில்லை. அதைத் திரையில் பார்த்த பிறகு தனியாக இல்லை என்று ஒருவனுக்குத் தோன்றினால், அது பயன்தான்.

சினிமா ஒரு சட்டத்தையும் மாற்றாது, ஒரு அரிவாளையும் பிடுங்காது. இதுவரை பேசக் கூசிய ஒன்றைப் பேச ஒரு சாக்குத் தரும். அந்தச் சாக்கை நாம் பயன்படுத்த வேண்டும். விடுதியில், கல்லூரியில், நம் தெருவின் சமுதாயக் கூடத்தில் மாதம் ஒரு படம் போடுங்கள். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டுக் கலைந்து போகாதீர்கள். ஒரு மணி நேரம் பேசுங்கள். பெண்களை முதலில் பேசவிடுங்கள். மற்ற சாதி நண்பர்களை அழைத்து ‘கொட்டுக்காளி’யைப் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் வீட்டுக் கதையை அவர்கள் சொல்லட்டும், நாம் கேட்போம். பேசியதை எழுதுங்கள். நம் படங்களைப் பற்றி நம் கையால் எழுதப்பட்ட விமர்சனம் இன்னும் போதாது.

அடுத்த முறை படம் பார்க்கும்போது தோழரின் கேள்வியையும் கூட்டிக்கொண்டு போங்கள். திரையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள்? பிறகு தலையைத் திருப்பி நம் வரிசையையும் பாருங்கள். அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் இன்னும் வாசலில் நிற்கிறார்கள்?