முதியோர் வகுப்பில் நான் கற்ற பாடம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



என்னோடு படித்தவர்கள் பாலம் கட்டிய கதையும் வெளிநாடு போன கதையும் சொன்னார்கள். நான் சொல்லப்போவது, என் சொந்த ஊரான ரிஷிவந்தியத்தில் ராத்திரி ஏழரை மணிக்கு நடந்த ஒரு வகுப்பைப் பற்றி.

2006-இல் இந்தக் கல்லூரியில் சேர வந்தபோது, விண்ணப்பத்தில் என் அம்மா கைநாட்டு வைத்தார். வரிசையில் நின்றவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று அந்த இடத்தை நான் கையால் மறைத்துக்கொண்டேன். அம்மா அதைக் கவனித்தார்; ஒன்றும் சொல்லவில்லை. அந்த உறுத்தல் என்னை விட்டுப் போகவே இல்லை.

2022-இல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் வந்தது. 15 வயதுக்கு மேற்பட்ட, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தன்னார்வலர்களே சொல்லித் தர வேண்டும், சம்பளம் கிடையாது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். அன்று எங்கள் ஊர் சேர்ந்திருந்த விழுப்புரம் மாவட்டத்தில் 72 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்த்துக்கொண்டிருந்த நானும் பெயர் கொடுத்தேன்.

பதினான்கு பேர் வந்தார்கள். எல்லோரும் பெண்கள். பகலெல்லாம் கரும்பு வெட்டிய கை. பென்சிலைப் பிடித்தால் முனை ஒடியும். நான்தான் இன்ஜினியர் ஆயிற்றே! அட்டவணை போட்டு, அ, ஆ என்று வரிசையாக ஆரம்பித்தேன். பத்தாம் நாள் ஐந்து பேர்தான் மிச்சம். அதில் ஒரு பெரியம்மா சொன்னார்: "அம்மா, ஆடு எல்லாம் எம் பேரனுக்குச் சொல்லிக் குடு தம்பி. எனக்கு பஸ் போர்டு படிக்கணும்."

மறுநாள் பலகையில் ஊர்ப் பெயர்களை எழுதினேன். ஒரு வாரம் கழித்து அதே பெரியம்மா கோபமாக வந்தார். 'தி'யைப் பார்த்ததும் திருக்கோவிலூர் பஸ் என்று ஏறி, தியாகதுருகத்தில் போய் இறங்கினாராம்! தப்பு என்னுடையது. முதல் எழுத்தை அடையாளம் காட்டிவிட்டு, படிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு 'ரு'வும் 'யா'வும்தான் பாடம். அதன்பின் பேங்க் செலான், ரேஷன் ரசீது, மாத்திரை அட்டையில் காலாவதித் தேதிக்கு முன்னால் உள்ள இங்கிலீஷ் எழுத்துகள் என்று அவர்கள் கேட்டதே பாடத்திட்டம் ஆயிற்று. நின்றுபோனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள்.

இது நான் கண்டுபிடித்ததல்ல. 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் காலத்தில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். யார் துணையும் இல்லாமல் போய்வர வேண்டும், எழுத்தும் அதற்குத்தான்.

மாணவத் தம்பி தங்கைகளே, விடுமுறையில் ஊருக்குப் போனால் நீங்களும் ஒரு வகுப்பு எடுங்கள். ஆனால், முதல் நாள் பாடம் நடத்தாதீர்கள். என்ன படிக்க ஆசை என்று கேளுங்கள்.

வகுப்பு முடிவில் தேர்வு உண்டு. வாசிப்பு, எழுத்து, கணக்கு தலா 50 வீதம் 150 மதிப்பெண். "பெத்த புள்ளகிட்டப் போய்ப் படிக்கிறதா" என்று இரண்டு மாதம் வராமலிருந்த என் அம்மாவும் எழுதினார்.

இன்று அவர் என்னோடு வந்திருக்கிறார். வாசலில் வருகைப் பதிவேட்டில் தன் பெயரை எழுத ஐந்து நிமிடம் ஆயிற்று. இந்த முறை நான் மறைக்கவில்லை. பின்னால் வரிசையில் பொறுமையாகக் காத்திருந்த நண்பர்கள் அனைவருக்கும் நன்றி.