எலிச் சோதனையும் மனிதக் குருதியும்

ஒரு மருந்து குருதிக்குத் தீங்கு செய்யுமா என்பதை அறிய, எலிகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்து கொடாமலும், ஏனையவற்றுக்குப் படிப்படியாக உயரும் அளவுகளில் கொடுத்தும் பல வாரங்கள் கவனிப்பர். பின்னர்ச் செவ்வணுக்கள், வெள்ளணுக்கள், தட்டணுக்கள் எண்ணப்படும். எலும்பு மஜ்ஜையும் ஆராயப்படும்.

இச்சோதனையின் பயனையும் எல்லையையும் ஒருங்கே காட்டுவது குளோரம்பெனிக்கால். 1949இல் விற்பனைக்கு வந்த இம்மருந்து டைபாய்டு காய்ச்சலைத் தணித்துப் பலரைக் காத்தது. மிகுந்த அளவில் கொடுத்தபோது விலங்குகளின் மஜ்ஜை நலிந்ததும், நிறுத்தியபின் தேறியதும் சோதனைகளில் புலனாயின. ஆயின், மருந்துண்ட மனிதருள் ஏறத்தாழ 25,000 முதல் 40,000 பேருக்கு ஒருவர் வீதம், அளவைப் பொறுத்திராமல், மஜ்ஜை மீளாவண்ணம் செயலிழந்தது, பலர் மாண்டனர். இக்கேடு சோதனைச்சாலை விலங்குகளில் தோன்றவில்லை. பல்லாயிரத்தில் ஒருவருக்கே நேர்வதைச் சில நூறு எலிகளைக் கொண்டு கண்டறிதல் அரிது.

ஆதலின், விற்பனைக்குப் பின்னும் கண்காணிப்பு வேண்டும். இந்தியாவில் 2010இல் தொடங்கிய மருந்து விழிப்புத் திட்டத்தில், மருத்துவமனைகளின் அறிக்கைகள் காசியாபாத்திலுள்ள இந்திய பார்மகோப்பியா ஆணையத்தில் தொகுக்கப்படுகின்றன. மருந்துண்டவர் காரணமின்றி வெளுத்துப்போனாலோ, தோலில் குருதிக்கட்டுத் தோன்றினாலோ, அதை உடனே எழுதி அனுப்புவது மருத்துவத் துறையினர் ஒவ்வொருவரின் கடமையாகும்.