குவார்க்கின் கடையில் வேலைநிறுத்தம்

(சென்ற மாதச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேசின மாதிரியே சில இடங்களை விட்டிருக்கிறேன்.)

இண்டைக்கு நான் ஒரு பழைய விண்வெளித் தொடரைப் பற்றிக் கதைக்கப்போறன். சிரிக்கிற ஆக்கள் இப்பவே சிரிச்சு முடிச்சிடுங்கோ, ஏனெண்டா கொஞ்ச நேரத்தில எங்கட கடைகளைப் பற்றியும் கதைக்கவேண்டி வரும்.

தொடரின் பெயர் ‘ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’. 1993 ஜனவரியில் தொடங்கி 1999 ஜூனில் முடிந்தது. ஏழு பருவங்கள், 176 பகுதிகள். அது முடிந்தபோது நான் பிறந்திருக்கவே இல்லை. மற்ற ஸ்டார் ட்ரெக் தொடர்களில் ஒரு கப்பல் இருக்கும், கிழமைக்கு ஒரு கிரகம், பிரச்சினையைத் தீர்த்துவிட்டுப் பறந்துவிடுவார்கள். இதில் கப்பலுக்குப் பதிலாக நிற்கிற இடத்திலேயே நிற்கும் ஒரு விண்வெளி நிலையம். கடைகள், கோயில், பள்ளிக்கூடம், ஒரு பார். இண்டைக்குச் செய்த பிழை அடுத்த கிழமையும் அங்கேயே இருக்கும். இதுதான் அதின்ர பலம். அந்தக் காலத்தில் அதுவே பலவீனமாகவும் போனது. அமெரிக்காவில் இது ஒரு பெரிய அலைவரிசையில் வரவில்லை. உள்ளூர் நிலையங்களுக்குத் தனித்தனியாக விற்கப்பட்டது, ஒவ்வொரு நிலையமும் தனக்கு வசதியான நேரத்தில் போட்டது. இரண்டு கிழமை தவறினால் கதை கைவிட்டுப் போயிடும்.

பிறகு இணையத்தில் முதலிலிருந்து வரிசையாகப் பார்க்கும் வசதி வந்ததும் தொடருக்கு இரண்டாவது உயிர் வந்தது. ஆனால் அந்த உயிரைக் கொடுத்தது கம்பனி இல்லை, ரசிகர்கள்தான். எந்தப் பகுதியில் என்ன அரசியல் இருக்கிறது, எதை எதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று ஆண்டுக்கணக்காக ஒரு சதமும் வாங்காமல் எழுதிவைத்த சனத்தால்தான் நானும் உள்ளே வந்தேன். 2017இல் இவர்கள் காசு சேர்த்து ஒரு ஆவணப்படத்துக்கே வழி செய்தார்கள். கேட்டதைவிடப் பல மடங்கு சேர்ந்தது. மிஞ்சின காசில் பழைய காட்சிகள் கொஞ்சத்தை ஃபிலிம் சுருளிலிருந்து புதிதாகத் துலக்கி எடுத்தார்கள். ஏன் கொஞ்சம் மட்டும்? தொடரைப் படம்பிடித்தது ஃபிலிமில், ஆனால் வெட்டி ஒட்டியதும் விண்வெளிக் காட்சிகளைச் சேர்த்ததும் வீடியோ நாடாவில். தெளிவான படம் வேண்டுமென்றால் ஒவ்வொரு பகுதியையும் மூலச் சுருளிலிருந்து திரும்பக் கோர்க்கவேண்டும். இதற்கு முந்திய தொடருக்கு அந்த வேலையைச் செய்தார்கள், விற்பனை போதவில்லை, அதோடு விட்டுவிட்டார்கள். எனவே நாங்கள் இன்றைக்கும் மங்கல் படத்தில்தான் பார்க்கிறோம்.

எங்கட ஆக்கள் இந்தத் தொடரைப் பார்த்தால் முதலில் போய் நிற்கிற இடம் கீரா நெரீஸ். பேஜோர் என்ற அவளுடைய கிரகத்தைக் கார்டாசியர்கள் அரை நூற்றாண்டு பிடித்துவைத்திருந்தார்கள். கீரா சின்ன வயதிலேயே இயக்கத்துக்குப் போனவள். போர் முடிந்து இப்போது அவளுக்கு ஒரு மேசையும் உத்தியோகமும். முதல் பருவத்தில் ‘டூயட்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. தடுப்பு முகாம் ஒன்றின் போர்க்குற்றவாளி என்று பிடிபட்ட ஒருவனை அவள் விசாரிக்கிறாள். அதை நான் இரண்டு தரத்துக்கு மேல் பார்க்கவில்லை, ஏலாது. அதைப் பற்றி எங்கட வட்டங்களில் நிறையக் கதைச்சாச்சு. நான் கேட்கிறது வேற. ஏன் நாங்கள் எப்பவும் கீராவில் மட்டும் எங்களைப் பார்க்கிறோம்? அதே நிலையத்தில், இரண்டு மாடி தள்ளி, குவார்க்கின் பார் இருக்கிறது. அங்கேயும் எங்கட முகங்கள் இருக்கு.

குவார்க் ஃபெரெங்கி இனத்தவன். இலாபம்தான் அவர்களுக்கு வேதம். 285 விதிகள் உள்ள ஒரு வேதப்புத்தகமே இருக்கிறது, எல்லாம் வியாபாரம் பற்றியது. அவனுடைய தம்பி ரொம் அதே பாரில் வேலை செய்கிறான். 1996 பெப்ரவரியில் வந்த ‘பார் அசோசியேஷன்’ என்ற பகுதி ரொம்மின் காதில் வந்த ஒரு தொற்றில் தொடங்குகிறது. சுகவீன விடுப்பு என்று ஒன்று அங்கே கிடையாது. நோயோடு வேலை செய்து மயங்கி விழுகிறான். அதே நேரம் பேஜோர் மக்களின் நோன்பு மாதம் வந்து வியாபாரம் படுக்கிறது. குவார்க் எல்லாருடைய சம்பளத்திலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டுகிறான். வைத்தியர் பஷீர் பேச்சோடு பேச்சாகச் சங்கம் என்ற சொல்லை ரொம்மின் காதில் போட்டுவிடுகிறார். ஃபெரெங்கிச் சட்டத்தில் சங்கம் அமைப்பது குற்றம்.

ரொம் சங்கம் அமைக்கிறான், வேலைநிறுத்தம் தொடங்குகிறது. குவார்க் கருங்காலிகளைத் தேடி வெளியில் போகவில்லை. தன்னுடைய உருவத்திலேயே ஒளிப்பிம்பப் பரிசாரகர்களை உருவாக்கி ஓடவிடுகிறான், அவை ஒழுங்காக ஒரு குவளையைக்கூடக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. மனிதருக்குப் பதிலாக மெஷின் என்று இப்போது எங்களைப் பயமுறுத்துகிறவர்களுக்கு இந்தக் காட்சியைப் போட்டுக்காட்டலாம்.

இதில் ரொம் சொல்லும் ஒரு விஷயத்துக்காகத்தான் இன்றைக்கு இங்கே நிற்கிறேன். ஃபெரெங்கித் தொழிலாளர் ஏன் இவ்வளவு காலமும் எழும்பவில்லை என்பதற்கு அவன் காரணம் சொல்கிறான். சுரண்டல் நிற்கவேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லையாம், ஒருநாள் தாங்களும் சுரண்டுகிற இடத்துக்குப் போகவேண்டும் என்றுதான் நினைக்கிறார்களாம்.

பதினேழு வயதில் நான் சனி ஞாயிறு ஒரு கடையில் நின்றேன். முதலாளியை அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். சம்பளம் கையில் காசாக வரும், சட்டம் சொல்லும் தொகையைவிடக் குறைவாக. காய்ச்சல் என்று ஃபோன் எடுத்தால், “என்ன பிள்ளை, இண்டைக்குச் சனிக்கிழமையல்லோ” என்பார். நான் பள்ளிக்கூடப் பிள்ளை, விட்டுவிட்டு வரலாம், வந்தேன். என்னோடு நின்ற அண்ணாவின் அகதி வழக்கு முடியவில்லை. அவர் எங்கே போவார்? அங்கிளும் ஒரு காலம் யாரோ ஒருவருடைய கடையில் நிலக்கீழ் அறையில் படுத்து எழும்பினவர்தான். அதைப் பெருமையாகச் சொல்லுவார். “நான் படாததையா நீங்கள் படுறியள்?” என்பது அவருக்கு ஒரு நியாயம்.

இதை வெளியில் கதைத்தால், உள்வீட்டுப் பிரச்சினையை ஏன் சந்திக்குக் கொண்டுவாறீர்கள் என்பார்கள். வெள்ளைக்காரக் கம்பனியின் கிட்டங்கியில் சங்கம் அமைக்கப் போனால் கைதட்டுகிற அதே ஆட்கள். ரொம்முக்கு முதலாளி கார்டாசியன் இல்லை, கூடப்பிறந்த அண்ணன். சங்கம் அமைத்தால் குடும்பத்துக்குத் துரோகம், இனத்துக்கு அவமானம். ஆக்கிரமிப்புக்கு எதிராகக் கீராவுக்குக் கோபம் வர எந்தத் தயக்கமும் இல்லை. ரொம் கோபப்படுவதற்கு முதல் பத்துத் தரம் மன்னிப்புக் கேட்கிறான். எனக்கு ரொம்மின் நிலைமைதான் கஷ்டமானது என்று படுகிறது.

காது வருத்தம் சின்ன விஷயம் என்று நினைக்கவேண்டாம். நான் இருக்கிற ஒன்ராறியோவில் 2018இல் எல்லாத் தொழிலாளருக்கும் வருசத்துக்கு இரண்டு நாள் சம்பளத்தோடு விடுப்புக் கிடைத்தது. 2019 ஜனவரியில் புதிய அரசாங்கம் அதைப் பிடுங்கியது. கொரோனா நேரம் 2021இல் தற்காலிகமாக மூன்று நாள் கொடுத்தார்கள், 2023 மார்ச் முடிவோடு அதுவும் போனது. இப்போது சட்டப்படி மிஞ்சியிருப்பது சம்பளமில்லாத மூன்று நாள். காசாகச் சம்பளம் வாங்குகிறவருக்கு அதைக் கேட்கவும் வாய் வராது.

கதையின் முடிவில் எனக்குக் குறை இருக்கிறது. ஃபெரெங்கி அரசாங்கத்தின் ஆள் பிரண்ட் அடியாட்களோடு வருகிறான். ரொம் மிரளவில்லை, கம்யூனிஸ்ட் அறிக்கையிலிருந்து ஒரு வரியையே எடுத்துவிடுகிறான். அடியாட்கள் அடித்து நொறுக்குவது ரொம்மை இல்லை, குவார்க்கை. முதலாளிகளின் ஒற்றுமை அப்படி! கடைசியில் அண்ணனும் தம்பியும் இரகசியமாக ஒரு உடன்பாட்டுக்கு வருகிறார்கள்: கோரிக்கைகள் எல்லாம் தரப்படும், ஆனால் சங்கம் கலைக்கப்பட்டதாக ஊருக்குக் காட்டவேண்டும். பிறகு ரொம் வேலையை விட்டுவிட்டு நிலையத்தின் திருத்தவேலைப் பகுதியில் சேர்ந்துவிடுகிறான். கெட்டிக்காரன் ஒருவன் தப்பிவிட்டான், சரி. மற்றப் பரிசாரகர்கள்? அடுத்த நோன்பு மாதம் குவார்க் திரும்ப வெட்டினால் யாரிடம் போவார்கள்?

ஆனால் எழுதியவர்கள் வரலாறு தெரியாமல் எழுதவில்லை என்றும் நினைக்கிறேன். இதே பகுதியில் ஓ’பிரையன், தன் மூதாதை ஒருவர் 1902 பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தில் நின்றவர் என்று சொல்லுகிறார். மூதாதை கற்பனை, வேலைநிறுத்தம் உண்மை. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட சுரங்கத் தொழிலாளர் மே மாதத்திலிருந்து ஒக்டோபர் வரை வேலைக்குப் போகவில்லை. கிடைத்தது 10 சதவீதச் சம்பள உயர்வும் வேலைநேரக் குறைப்பும். சங்கத்தை மட்டும் சுரங்க முதலாளிகள் அங்கீகரிக்கவில்லை. காசைத் தருவார்கள், நீங்கள் ஒன்றாக நிற்கிறீர்கள் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட ஏலாது. பெரிய மூக்கும் காதும் பேராசையும் கொண்ட வியாபாரி இனம் என்ற ஃபெரெங்கி உருவம் யூத வெறுப்புக் கேலிச்சித்திரங்களை நினைவூட்டுகிறது என்ற விமர்சனம் நீண்டகாலமாக இருக்கிறது. அது நியாயமான விமர்சனம், இந்தப் பகுதி நன்றாக இருப்பதால் அது இல்லாமல் போகாது. குவார்க்காக நடித்த ஆர்மின் ஷிமர்மன் யூதர்தான். அவர் நடிகர் சங்கத்தின் நிர்வாகசபையில் இருந்தவரும்கூட. திரையில் சங்கத்தை உடைக்கிற முதலாளி, வெளியில் சங்கத்துக்காரர்.

சரி. அடுத்த சந்திப்பில் இந்தப் பகுதியைச் சேர்ந்து பார்ப்போம், முக்கால் மணித்தியாலம்தான். கடைகளில் வேலை செய்கிற நண்பர்களையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, அதற்காகத்தான் ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு வைத்திருக்கிறோம், கடை பூட்டின பிறகு. கொத்துரொட்டிக்குச் சொல்லிவைக்க வேண்டும். வேலை செய்கிற ஆக்களுக்கு ஒழுங்காகச் சம்பளம் குடுக்கிற கடை ஒன்று தெரிந்தால், ஆராவது எனக்கு எழுதுங்கோ.