வலிப்பு வந்த நாயெல்லாம் விசர் நாயா?

(தோட்டத்துத் தாய்மார் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



லயத்து வாசலில் ஒரு நாய்க்குட்டி விழுந்து, காலை உதறி, வாயில் நுரை தள்ளினால் நாம் என்ன செய்கிறோம்? "விசர் புடிச்சிருச்சு, அடி!" என்று தடியைத் தூக்குகிறோம். கொஞ்சம் பொறுங்கள்.

சில குட்டிகளுக்கு வலிப்பு பிறவிக் கோளாறால் வருகிறது. மூளைக்குள் எப்போதும் நீர் ஊறி வடிந்துகொண்டிருக்கும். வடியும் வழி தாய் வயிற்றிலேயே சரியாக அமையாவிட்டால் நீர் தேங்கி மூளையை நெருக்கும். அப்படிப்பட்ட குட்டிக்குத் தலை உருண்டு புடைத்திருக்கும். உச்சி மூடாமல் மெத்தென்றிருக்கும். கண்கள் கீழ்நோக்கி விலகி நிற்கும். கூடப் பிறந்தவற்றைவிட வளர்ச்சி குறைவு. வட்டம் வட்டமாகச் சுற்றும். பொமரேனியன் போன்ற சின்ன ஜாதிகளில் இது அதிகம். இது தொத்து வியாதி அல்ல.

வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிஷத்தில் அடங்கும். பிள்ளைகளை அப்பால் அனுப்பி, பக்கத்திலுள்ள சாமான்களை அகற்றுங்கள். வாய்க்குள் கையையோ கரண்டியையோ விடாதீர்கள். நாய் நாக்கை விழுங்காது. உங்கள் கையைத்தான் கடிக்கும். 5 நிமிஷம் தாண்டினால் ஆபத்து. உடனே மிருக வைத்தியரிடம் போக வேண்டும். அவர் தரும் வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தக் கூடாது. அந்த நாயில் குட்டி எடுக்கவும் வேண்டாம்.

ஆனால் விசர் நோயிலும் வலிப்பு வரும். அது குட்டிக்கும் வரும். பிறவிக் கோளாறுள்ள குட்டி வலிப்பு தெளிந்ததும் எழுந்து பழையபடி சாப்பிடும். விசர் கண்ட நாயோ காரணமில்லாமல் கடிக்கும், குரல் மாறும், தாடை தொங்கும். நாளுக்கு நாள் மோசமாகி, பெரும்பாலும் 10 நாளுக்குள் செத்துவிடும். எது என்று நாமே தீர்மானிக்க வேண்டாம். தொடாமல் அடைத்து வைத்து மிருக வைத்தியருக்கும் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவியுங்கள். மண்டையில் அடித்துக் கொன்றால் மூளை சிதைந்து, விசரா இல்லையா என்று சோதிக்க முடியாமல் போகும்.

கடித்துவிட்டால், நகம் கீறினாலும் சரி, சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "நாளைக்குப் பேர் போட்டுட்டுப் போறேன்" என்று தள்ளிப் போடாதீர்கள். விசர் நோய் மனிதருக்குக் கண்டுவிட்டால் பிழைப்பது அரிது. முன்கூட்டியே ஊசி போட்டால் தடுக்கலாம்.

உங்கள் நாய்க்கு வருஷா வருஷம் விசர் தடுப்பூசி போட்டு, அட்டையைப் பத்திரமாக வையுங்கள். அப்பாவிக் குட்டியும் தப்பும், நம் பிள்ளைகளும் தப்புவார்கள்.