முத்து நம்முடையது, பாட்டு பாரிசுடையது



அம்பாங்கில் எல்ஆர்டி ஏறுகிறவர் வண்டி மாறாமலே தித்திவங்சாவில் இறங்கலாம். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் ஜாலான் துன் ரசாக்கில் இஸ்தானா புடாயா. வாவ் புலான் பட்டத்தின் சாயலில் கட்டப்பட்டு 1999இல் திறக்கப்பட்ட தேசிய அரங்கம். ஜாலான் அம்பாங் வழியாகப் போனால் இரட்டைக் கோபுரத்தின் அடியில் பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் மண்டபம். அது திறந்தது 1998இல். இரண்டும் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனாலும் நம்மவர்களில் பலருக்கு இவை வெளியிலிருந்து பார்த்துவிட்டுப் போகிற கட்டடங்கள். “ஓப்பராவா? அது கோட்டுப் போட்டவர்களின் சமாச்சாரம். நமக்கு எதற்கு?” என்று ஒரே வார்த்தையில் பேச்சு முடிந்துவிடும்.

சரி. அந்த ஓப்பரா நம் கடலைப் பற்றியதாக இருந்தால்?

1863 செப்டம்பர் 30 அன்று பாரிசில் ஒரு புதிய இசை நாடகம் மேடையேறியது. பெயர் ‘முத்துக் குளிப்பவர்கள்’. இசையமைத்தவர் ஜார்ஜ் பிசே. அப்போது அவருக்கு வயது 24. கதை நடக்கும் இடம் இலங்கைக் கடற்கரை.

கதை இதுதான். முத்துக் குளிப்பவர்கள் சுர்காவைத் தலைவனாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவனுடைய பழைய நண்பன் நாதிர் திரும்பி வருகிறான். முன்பு ஒரு கோயிலில் கண்ட பெண்ணை இருவருமே விரும்பியவர்கள். நட்பு கெடக்கூடாது என்று அவளை மறக்கச் சத்தியம் செய்தவர்கள். அந்த நேரத்தில் முகத்திரையோடு ஒரு பூசாரிப் பெண் வருகிறாள். குளிப்பவர்கள் கடலில் இருக்கும்வரை பாறைமேல் நின்று அவர்களைக் காக்கப் பாடவேண்டும். யாரையும் காதலிக்கக்கூடாது. அவள்தான் இருவரும் மறக்க நினைத்த லைலா. நாதிர் அவளைக் குரலை வைத்தே கண்டுகொள்கிறான். இருவரும் பிடிபடுகிறார்கள். மரணதண்டனை விதித்த சுர்கா, அவள் கழுத்து மாலையைப் பார்த்ததும் அதிர்ந்துபோகிறான். முன்பு தன் உயிரைக் காத்த சிறுமிக்கு அவனே கொடுத்த மாலை அது. குடியிருப்புக்குத் தானே தீ வைத்து, அந்தக் குழப்பத்தில் இருவரையும் தப்ப விடுகிறான்.

நம் பழைய மேடை நாடகம் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியுமா? சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களில் கதையை நடத்தியது பாட்டுத்தானே! ஒலிபெருக்கி இல்லாத மேடையில் கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் கடைசி வரிசைவரை கேட்கும்படி பாடினார்கள். ஓப்பராவிலும் வழக்கமாக மைக் கிடையாது. மேடைக்கு முன்னால் ஒரு பள்ளம். அதில் வாத்தியக் குழு. அத்தனை வாத்தியங்களையும் தாண்டிப் பாடகரின் தொண்டை ஒன்றே அரங்கத்தை நிரப்பவேண்டும். பிரெஞ்சு புரியாதே என்ற கவலையும் இப்போது தேவையில்லை. பெரிய அரங்குகளில் மேடைக்கு மேலே பாடல் வரிகளின் மொழிபெயர்ப்பு ஓடும். நேரத்துக்குப் போகவேண்டும், தாமதமாக வருபவர் இடைவேளைவரை வெளியே நிற்க நேரும். பாட்டு முடிந்தபிறகு கைதட்டலாம், நடுவில் கூடாது. நாகரிகமான உடை போதும். மலேசியாவில் பாத்தேக் சட்டையே மரியாதையான உடைதான். இவ்வளவுதான் சடங்கு.

இனி, சிந்திக்கவேண்டிய பக்கத்துக்கு வருவோம்.

பிசே இலங்கையைப் பார்த்ததே இல்லை. முதலில் மெக்சிகோவில் நடப்பதாக எண்ணிய கதை பிறகு இலங்கைக்கு மாற்றப்பட்டது. அதனால்தான் மேடையில் உள்ளவர்களின் பெயர்கள் சுர்கா, நாதிர், லைலா, நூராபாத் என்று இருக்கின்றன. ஒரு தமிழ்ப் பெயர் இல்லை, சிங்களப் பெயரும் இல்லை. எல்லாரும் பிரம்மாவைக் கும்பிடுகிறார்கள்.

உண்மை நிலை என்ன? மன்னார் வளைகுடாவின் முத்துக்குச் சங்க காலத்திலிருந்தே பெயர் உண்டு. பாண்டியரின் கொற்கை அந்த முத்தால் புகழ்பெற்ற துறைமுகம். பிசே எழுதிய காலத்தில் அங்கே மூழ்கியவர்களில் முக்கியமானவர்கள் தூத்துக்குடிக் கரையின் பரதவர். 1530களிலேயே கத்தோலிக்கத்தைத் தழுவியவர்கள். கீழக்கரை போன்ற ஊர்களின் முஸ்லிம்களும் மூழ்கினார்கள். காலில் கல், இடுப்பில் கயிறு, கையில் கூடை. மூச்சை அடக்கி ஏறத்தாழ ஒரு நிமிடம் கடலடியில். எடுத்த சிப்பியில் எவ்வளவு அவர்களுக்கு? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் மூன்றில் ஒரு பங்கு; மீதி இரண்டு பங்கும் ஆங்கிலேய அரசுக்கு. கரையில் சிப்பி அழுகி, ஈ மொய்த்து, நாற்றம் வீச, அதைக் கழுவித்தான் முத்தைத் தேடினார்கள். இந்த நாற்றம் எந்த ஓப்பராவிலும் வீசாது.

ஆனால் ஒன்று வியப்பானது. பாறைமேல் நின்று பாடிக் காக்கும் அந்தப் பெண் முழுக் கற்பனை அல்ல. சுறாவை மந்திரத்தால் கட்டுகிறவர் கரையில் இல்லாவிட்டால் அந்நாளில் குளிப்பவர்கள் கடலில் இறங்கவே மறுத்தார்கள். ‘கடல்கட்டி’ என்று அவருக்குப் பெயர். 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோவே இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். கிடைத்ததில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி என்கிறார். 1859இல் வெளிவந்த எமர்சன் டென்னன்டின் இலங்கை நூலும் சுறாக் கட்டுகிறவரைப் பேசுகிறது. அந்தப் பதவிக்கு உரிய குடும்பத்தின் தலைவர் அப்போது ஒரு கத்தோலிக்கர் என்பதையும் அது சொல்கிறது. பார்த்தீர்களா? பாரிசின் கற்பனையைவிட நம் கடற்கரையின் நிஜம் எவ்வளவு சுவையானது!

இங்கே இரண்டு கட்சி உண்டு. “நம்மைத் தவறாகக் காட்டும் நாடகத்துக்கு நாமே டிக்கெட் வாங்குவதா?” என்பது ஒரு கட்சி. “கலையைக் கலையாகப் பாருங்கள், வரலாறு எதற்கு?” என்பது இன்னொரு கட்சி. முதல் கட்சிக்காரர் கோபத்தில் ஓர் அருமையான இசையை இழக்கிறார். நாதிரும் சுர்காவும் சேர்ந்து பாடும் நட்புப் பாட்டைக் கேட்டவர்கள் அதை எளிதில் மறப்பதில்லை. இரண்டாம் கட்சிக்காரர் தன் பாட்டன் பெயர் விடுபட்டதைக்கூடக் கவனிக்காமல் கைதட்டுகிறார். இரண்டுமே நட்டம்தான். பாட்டை ரசிக்கக் காது வேண்டும். யார் விடுபட்டார்கள் என்று பார்க்கக் கண்ணும் வேண்டும்.

இன்னொன்றையும் எண்ணிப்பாருங்கள். முதல் ஆண்டில் இந்த நாடகம் 18 தடவைதான் நடந்தது. பிசே உயிரோடு இருந்தவரை மறுபடி மேடையேறவில்லை. 1875இல், ‘கார்மென்’ அரங்கேறிய மூன்றே மாதத்தில், 36 வயதில் அவர் இறந்தார். அந்த நாடகத்தை அவருடைய மக்கள் விட்டுவிடவில்லை. தேடி எடுத்தார்கள், பாடினார்கள், கடல் கடந்து கொண்டுபோனார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அரங்கில் 1916க்குப் பிறகு ஏறத்தாழ 100 ஆண்டு இடைவெளி விட்டு மறுபடி மேடையேற்றினார்கள்.

நாம் என்ன செய்தோம்? தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. கல் கட்டி மூழ்கியவர்களின் கதை, உலகம் பேசும்படியான பெரிய தமிழ் இசை நாடகமாக இன்னும் வரவில்லை. நம்மிடம் கலைஞர்கள் இல்லையா? 1981இல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் பிரிக்பீல்ட்சிலேயே இருக்கிறது. பாடவும் ஆடவும் தெரிந்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படிப்பட்ட நிகழ்ச்சி வந்தால் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். வராவிட்டால் வீட்டிலேயே ஒளிப்பதிவைப் போட்டுக் காட்டுங்கள். போவதற்குமுன் கொற்கை எங்கே, மன்னார் எங்கே என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுங்கள். பார்த்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்தக் கதையை நீ எழுதினால் அந்த மீனவனுக்கு என்ன பெயர் வைப்பாய்?”

பிள்ளை சொல்லும் பெயரிலிருந்து நமது நாடகம் தொடங்கட்டும்.